வட்டி மீன்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணிக்கு, மேவிஸ் ஓல்ட்ராய்டின் சமையலறையில் இருந்தவர்கள்: மேவிஸ், வயது எழுபத்தெட்டு, ஜன்னலோர நாற்காலியில். நான், ஹெட்லி, வயது அறுபத்தேழு, பக்கத்து வீடு, கதவுக்கு முதுகைக் காட்டி. ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் கெய்லி என்று ஒரு பெண். அவளை ஆளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மேசை நடுவில் ஒரு ஹாடக் மீன், இரண்டாக வெட்டியது.

வேறு யாரும் இல்லை. ஐந்து வருஷம் அப்படித்தான் நடந்தது.

சார்ஜென்ட் மிர்சா, நீங்கள் மூன்று தடவை கேட்டது அந்தப் பச்சைக் குஷனைப் பற்றி. அதற்கு வருகிறேன். முதலில் மீனுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். வங்கி கொடுத்தது.

நடப்புக் கணக்குக்கு யாரும் சும்மா வட்டி தருவதில்லை. மேவிஸின் வங்கி தந்தது, நிபந்தனைகளோடு. ஒன்று, ஒவ்வொரு மாதமும் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே ஆயிரம் பவுண்டு உள்ளே வர வேண்டும். இரண்டு, அதே மாதத்தில் இரண்டு டைரக்ட் டெபிட்டாவது, அதாவது கணக்கிலிருந்து தானாகக் கழியும் கட்டணம், வெளியே போக வேண்டும். இரண்டும் நடந்தால் முதல் இரண்டாயிரம் பவுண்டுக்கு ஐந்து சதவீதம். மாதத்துக்கு எட்டு பவுண்டு பதினைந்து பென்ஸ் வரும். ஒன்று தவறினாலும் எதுவும் வராது. பாதி செய்தால் பாதி வட்டி என்ற பேச்சே கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

பேட்லியில் எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மேவிஸுடையது கடைசி வீடு. அவருக்கு ஒரே ஒரு பொதுச் சுவர். அதன் இந்தப் பக்கம் நான். பள்ளிப் படிப்பை முடிக்காமல் வெளியே வந்தவன். முப்பத்து நான்கு வருஷம் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தேன். இரவு வேலைக்காரனைத் தெருவுக்குத் தெரியாது. எல்லாரும் கிளம்பும்போது அவன் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறான். வேலை முடிந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் பகலில் விழித்திருந்தேன்; பகலில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது சொன்ன நன்றியைத் தவிர வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். இதைப் புகாராகச் சொல்லவில்லை. அப்படி இருந்தது.

கணவர் கோர்டன் இறந்து இரண்டு மாதம் கழித்து மேவிஸ் என் கதவைத் தட்டினார். கையில் வங்கிக் கடிதம்.

“ஏம்ப்பா, நீதான ராத்திரி வேலைக்குப் போறவன்?”

“இப்போ போறதில்லைங்க.”

“அப்போ பகல்ல கண்ணு தெரியும்ல. இதைப் படி. நம்ம பாஷையிலதான் எழுதியிருக்கான், ஒரு எழவும் புரியல.”

படித்துச் சொன்னேன். அவருக்கு ஓய்வூதியம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, எண்ணூற்றுச் சொச்சம். கோர்டன் வழியில் இன்னொரு நூறு. ஆயிரத்துக்கு எட்டவில்லை. நான் ஒரு வழி சொன்னேன். மாதத்தின் கடைசி வியாழக்கிழமை என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு இருநூறு பவுண்டு அனுப்புவது. அடுத்த திங்கட்கிழமை அதே இருநூறு திரும்பி வருவது. பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம் தங்கியது என்று வங்கி கேட்பதில்லை. உள்ளே வந்தால் போதும். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, விசாரித்துப் பாருங்கள். நாட்டில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள்.

அந்த இருநூறு பவுண்டு என்னைவிட அதிகமாக அவர் வீட்டுக்குப் போய்வந்தது.

டைரக்ட் டெபிட்டுகளில் ஒன்று தண்ணீருக்கு. மின்சாரமும் எரிவாயுவும் கடையில் காசு ஏற்றும் மீட்டர். நகராட்சி வரியைத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று கட்டுவார், அங்கே அரட்டை கிடைக்கும் என்பதற்காக. இரண்டாவதுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகள் லின்ட்சி சவுத்போர்ட்டிலிருந்து வந்து அலாரம் வைத்தாள். கழுத்தில் சிவப்புப் பொத்தான், சமையலறையில் அந்த வெள்ளைப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து பெட்டி வழியாகப் பேசுவார்கள். தேவையென்றால் ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள். மாதம் இருபத்திரண்டு பவுண்டு.

“அப்போ ரெண்டாவதும் கிடைச்சிடுச்சு” என்றேன்.

“அம்மா விழுந்து எந்திரிச்சிருக்காங்க, இவருக்கு டெபிட் கணக்கு” என்றாள் லின்ட்சி. மேவிஸ் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் மாத வட்டி வந்த வெள்ளிக்கிழமை, அதை என்ன செய்வது என்று மேவிஸ் கேட்டார். மூலைக் கடையில் முதியவர்களுக்கான மதியச் சாப்பாடு ஏழு பவுண்டு தொண்ணூறு: ஒரு ஹாடக், வறுத்த உருளைக்கிழங்கு, மசித்த பட்டாணி. வாங்கி வந்து பாதியாக்கினோம். மிச்சம் இருபத்தைந்து பென்ஸை ஜன்னல் விளிம்பில் ஒரு ஜாடியில் போட்டார். “உலகம் சுத்தறதுக்கு” என்றார். மீனுக்கு அவர் வைத்த பெயர் வட்டி மீன்.

கடைக்குப் போய் வாங்கி வருவது நான். அவர் கதவில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கை கழுவி, சட்டை மாற்றுவேன். அவர் தட்டுகளைச் சூடாக்கி எடுத்து வைத்ததும் சுவரில் மூன்று தடவை தட்டுவார். மீன் தயார், வா என்று அர்த்தம். நான் என் பக்கத்திலிருந்து மூன்று தட்டுவேன். இதோ வருகிறேன் என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெய்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலாரம் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மேவிஸ் வாரம் ஒருமுறை அழுத்தினார். பிறகு தினமும். ஒருநாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அழுத்தினார்.

“என்ன மேவிஸ்மா, விழுந்துட்டீங்களா?” என்றது பெட்டி.

“இல்லடி, சும்மா சோதிச்சேன். இங்க ஹெட்லி உக்காந்திருக்கான். முள்ளு எடுத்துக்கிட்டு மூஞ்சிய உர்ருனு வச்சிருக்கான்.”

“அவரையும் ஒரு பொத்தான் வாங்கிக்கச் சொல்லுங்க. பேச ஆள் வேணும்னா மாசம் இருபத்திரண்டு பவுண்டுதான்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். என் மீன் ஆறிப்போயிருந்தது.

இந்த வருஷம் ஜனவரியில் அலாரக் கட்டணம் இருபத்தாறு ஆயிற்று. மேவிஸின் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. கணக்கைப் பார்த்துக்கொள்வது நான். எட்டு பவுண்டு வட்டிக்காக இருபத்தாறு பவுண்டு செலவழிப்பது அர்த்தமில்லாமல் தெரிந்தது. அலாரத்தின் டைரக்ட் டெபிட்டை ரத்து செய்தேன். அதற்குப் பதில் வயதான கழுதைகளைப் பராமரிக்கும் ஓர் அறக்கட்டளைக்கு மாதம் இரண்டு பவுண்டு ஏற்பாடு செய்தேன். மேவிஸுக்குக் கழுதை பிடிக்கும். வெளியே போவது இன்னமும் இரண்டு. நிபந்தனைக்கு எந்தக் குறையும் வரவில்லை. சேமிப்பு மாதம் இருபத்து நான்கு பவுண்டு, எல்லாம் அவர் கணக்கிலேயே இருக்கிறது. நான் ஒரு பென்ஸ்கூடத் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலாரம் நிறுவனம் இரண்டு கடிதம் போட்டது. மேவிஸுக்கு முட்டி வலி, கதவடியில் விழும் தபாலை நான்தான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். அந்த இரண்டை மட்டும் கொடுக்கவில்லை. மார்ச்சில் பெட்டி பேசுவதை நிறுத்தியது.

“கெய்லிக்கு என்னாச்சு? அழுத்தி அழுத்திப் பாக்கறேன், சத்தமே இல்ல.”

“வேலையை விட்டுட்டாளாம். புது ஆள் அவசரம்னா மட்டும்தான் பேசுவாங்களாம்.”

அவர் பெட்டியைத் துணியால் துடைத்தார். “போறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்” என்றார். அந்தப் பொத்தானைக் கழற்றவில்லை. அதைத் தொட்டுக்கொண்டே தூங்கினால்தான் தூக்கம் வருகிறது என்றார்.

ஏப்ரல் மீன் நன்றாக இருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

மே மாத முதல் வெள்ளியன்று மேவிஸ் சொன்னார்: “லின்ட்சி அவ வீட்டுப் பக்கத்துலயே எனக்கு ஒரு ஃப்ளாட் பாத்திருக்கா. தரைத்தளம். கூப்பிட்டா வர்ற ஆளு அங்கயே குடியிருக்காங்களாம். ஜூன் ஒண்ணு, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறா.”

“கணக்கு?”

“மூடிடலாம். எல்லாத்தையும் அவளே பாத்துக்கறாளாம்.”

“மே வட்டி ஜூன் ஒண்ணாம் தேதிதான் விழும். அதுக்கு முன்னால மூடினா போயிடும்.”

முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஹெட்லி, ராசா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எனக்கு மீன்னாலே ஆகாது. கோர்டன் இருந்தவரைக்கும் இந்த வீட்டுக்குள்ள மீன் வந்ததில்ல. நீ தனியாக் கெடக்கியேன்னுதான் அஞ்சு வருஷமாத் தின்னுக்கிட்டிருக்கேன்.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய பாதியில் எப்போதும் மிச்சம் இருக்கும், அதை நான் சாப்பிடுவேன் என்பதை மட்டும் நினைத்துப் பார்த்தேன். கணக்குப் போட்டால் ஒரு முழு மீனில் முக்கால் பங்கு எனக்கு வந்திருக்கிறது. “மே மாசம் முடியட்டும். பாதியில விட வேண்டாம்” என்றேன். “சரிப்பா, உன் எட்டு பவுண்டு உனக்கு முக்கியம்” என்றார்.

அந்த மாதம் இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை, பொது விடுமுறை. தெருவில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், படிக்கட்டு இருக்கும் இடத்தில், கனமாக ஏதோ விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் மூன்று தட்டு.

ஞாயிற்றுக்கிழமை உங்களிடம், அவர் சாமான் கட்டுகிறார் என்று நினைத்தேன் என்று சொன்னேன். அது சரியில்லை. திருத்திக்கொள்கிறேன். தட்டு சுவரின் அடியிலிருந்து வந்தது, என் முழங்கால் உயரத்துக்கும் கீழே. நின்றுகொண்டு யாரும் அங்கே தட்ட முடியாது.

நானும் மூன்று தட்டினேன்.

அப்புறம் ரொம்ப நேரம் அமைதி. மேவிஸ் காத்திருந்திருப்பார். பிறகு மறுபடி மூன்று வந்தது. நான் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி மூன்று தட்டினேன். ஐந்து வருஷத்தில் மாதம் ஒருமுறைதான் தட்டிக்கொண்டோம். அன்று ஒரே நாளில் இருபது முப்பது தடவை. ஒரு தடவைகூட நான் பதில் தட்டாமல் விடவில்லை. கெய்லி அப்படிச் செய்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

புதன்கிழமை அவர் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு என்னுடையது அடித்தது.

“ஹெட்லி அங்கிள், அம்மா ஃபோனே எடுக்கலை. நீங்க பாத்தீங்களா?”

“நேத்துப் பாத்தேனே. உன்னைப் பத்திக் கேட்டாங்க. சாமானெல்லாம் அங்கங்க கெடக்கு, ஃபோன் எதுக்கடியில இருக்கோ.”

“அவங்க எப்பவுமே இப்படித்தான். ஞாயித்துக்கிழமை வந்து நல்லாத் திட்டறேன்னு சொல்லுங்க. நீங்க இருக்கறதால எனக்கு ஒரு தைரியம்.”

நான் சொன்னதில் பொய் இல்லை. முதல் நாள் பார்த்திருந்தேன். லின்ட்சியைப் பற்றிக் கேட்டதும் உண்மை.

வியாழக்கிழமை காலை ஒரே ஒரு தட்டுதான் வந்தது. மூன்று ஆகவில்லை. நான் மூன்று தட்டிவிட்டுக் கணினியைத் திறந்து, மாதத்தின் கடைசி வியாழன் என்பதால், இருநூறு பவுண்டை அனுப்பினேன். அவர் கணக்கில் அந்த மாத வரவு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. தண்ணீர் போயிருந்தது, கழுதை போயிருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதன்பின் சுவரில் எதுவும் இல்லை. சாயங்காலம் வரை அவ்வப்போது தட்டிப் பார்த்தேன்.

வெள்ளியும் சனியும் ரொம்ப நீளம். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வட்டி விழுந்துவிட்டது. எட்டு பவுண்டு பதினைந்து. பதினொரு மணிக்கு லின்ட்சி தன் சாவியால் கதவைத் திறந்தாள். அவள் போட்ட சத்தம் சுவர் வழியாக வந்தது. அதற்கு என்ன தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது குஷன். நீங்கள் சொல்வது சரி. அது முன் அறை சோபாவில் இருப்பது. இடுப்பெலும்பு உடைந்தவரால் முன் அறைவரை போய் அதை எடுத்து வந்திருக்க முடியாது. நான்தான் எடுத்து வந்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை. என்னிடமும் ஒரு சாவி இருந்தது, லின்ட்சி கொடுத்தது.

மேவிஸ் படிக்கட்டின் அடியில் கிடந்தார். நைட்டியோடு. கையில் சிவப்புப் பொத்தான். உதடு வெடித்திருந்தது, ஆனால் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து யாருக்கும் அப்படி முகம் மலர்ந்ததில்லை.

“வந்துட்டியா. நேத்திலேர்ந்து தட்டறேன். நீயும் தட்டறே, வர மாட்டேங்கறே.”

“வந்துட்டேனே.”

“இந்தக் கழுத பொத்தான் வேலையே செய்யல. ஆம்புலன்ஸக் கூப்பிடு. லின்ட்சிக்குச் சொல்லிட்டியா?”

தலைக்கடியில் குஷன் வைத்தேன். டீ போட்டேன். தலையைத் தூக்கிப் பிடித்து, ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன். இரண்டு சர்க்கரை. முழுக்கக் குடித்தார். கோப்பையைக் கழுவித் துடைத்து மாட்டிவைத்தேன். அதனால்தான் உங்கள் ஆட்களுக்கு அது கிடைக்கவில்லை. பிறகு பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் மருத்துவமனை, மருத்துவமனை முடிந்தால் நேரே சவுத்போர்ட். இந்த வீட்டுக்கு அவர் திரும்ப மாட்டார். அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

“கூப்பிடறேன் மேவிஸ். ஒரே ஒரு நிபந்தனை. சவுத்போர்ட் போகல, இங்கயே இருக்கேன்னு சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகம் இப்போது வேறு முகம். பொத்தானை ஒருமுறை அழுத்தினார், என்னை வைத்துக்கொண்டே.

“இருக்கேன் ராசா” என்றார். “எங்கயும் போகல. இங்கயே இருக்கேன். மீன் தின்னுவோம். ஃபோன எடு.”

இதுதான் உங்களுக்குப் புரியாது என்று நினைக்கிறேன். அவர் நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் ஒத்துக்கொள்வது வேறு, நிறைவேற்றுவது வேறு. மாத நடுவில் வங்கிக்குப் போய், ஆயிரம் பவுண்டு போடுகிறேன் என்று சத்தியம் செய்தால் வட்டி தருவார்களா? கடைசித் தேதிவரை பார்ப்பார்கள். இருந்ததா, இல்லையா. அவ்வளவுதான். கடைசித் தேதி சனிக்கிழமை. இடையில் நான்கு நாள்தான். நான் அதிகம் கேட்கவில்லை. ஐந்து வருஷம் பிடிக்காத மீனைச் சாப்பிட்டவரின் வார்த்தையை நான் எப்படி உடனே நம்புவது?

அவர் சொன்னபடியே செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கேயும் போகவில்லை.

எழுந்து, நைட்டியை அவர் கால்வரை இழுத்துவிட்டேன். “எங்க போறே? ஃபோன் சமையலறைலதான் இருக்கு” என்றார். “என் வீட்டு ஃபோன்ல கூப்பிடறேன், அதுதான் தெளிவாக் கேக்கும்” என்றேன். “சீக்கிரம் வா” என்றார். “தட்டுங்க, பதில் தட்டறேன்” என்றேன்.

வாசலில் கிடந்த தபாலைக் குனிந்து எடுத்துச் சிறு மேசைமேல் வைத்தேன். உள்ளேயிருந்து என் பெயர் இரண்டு தடவை கேட்டது. வெளியே வந்தேன். கதவு திறந்து கிடந்தால் மேவிஸுக்குப் பயம். தனியாக இருப்பவர், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடலாம். அதனால் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.